முதலாளி முதலில் உட்காரட்டும்

ஜவுளிக்கடை முதலாளி அருணாசலம் வைத்த சட்டம் இது: அவர் உட்காராமல் கடை ஆட்கள் யாரும் உட்காரக் கூடாது. அவரோ கடையில் உட்காரவே மாட்டார்.

தீபாவளி வியாபாரம் அமோகமாக நடந்த சந்தோஷத்தில் எல்லோரையும் தீம் பார்க்குக்குக் கூட்டிப் போனார். சேலைப் பிரிவு செண்பகவல்லிக்கு பஸ் ஏறினாலே தலைசுற்றும். பஸ்ஸை விட்டு இறங்கியும் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்தவளை முதலாளி பார்த்துவிட்டார்.

“ஏம்மா, அந்த ரோலர் கோஸ்டர்ல நீதான் முதல்ல உட்காரணும். பயந்தாங்கொள்ளிக்கு என் கடையில வேலை கிடையாது!”

மேலே ரோலர் கோஸ்டர் பெட்டி ஆட்களோடு தலைகீழாய்ப் புரண்டது. அலறல் கீழே வரைக்கும் கேட்டது. செண்பகவல்லி கைகட்டி நின்றாள்.

“உட்கார்றேன் மொதலாளி. ஆனா நீங்க நிக்கையில நான் எப்படி உட்கார்றது? மொதல்ல நீங்க உட்காருங்க.”

எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் அண்ணாந்து பார்த்தார். நெற்றி வேர்த்தது.

“வெயில் ஜாஸ்தியா இருக்கு” என்று முனகிக்கொண்டே போய், குழந்தைகளின் பொம்மை ரயிலில் உட்கார்ந்தார். சட்டப்படி மற்றவர்களும் ஏறி உட்கார்ந்தார்கள். செண்பகவல்லி எலுமிச்சம்பழத்தை மரியாதையாக அவரிடம் நீட்டினாள்.

ரயில் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. முதலாளி கண்ணை மூடிப் பழத்தை மோந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

அவர் எழுந்திருக்காமல் கடை ஆட்கள் மட்டும் எப்படி எழுந்திருப்பார்கள்? சாய்ந்து, காலை நீட்டி, நன்றாக உட்கார்ந்துகொண்டார்கள்.