காற்றைப் பிளந்த கரடி

கருமலைக் காட்டு ஏரி கோடையில் வற்றிச் சேறாகிவிடும். கிழக்குத் துறையில் மட்டும் தெளிந்த தண்ணீர் நிற்கும். அந்தத் துறையில் யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது என்று சொல்லும் உரிமை, ஆண்டுதோறும் நடக்கும் சைக்கிள் பந்தயத்தில் ஜெயிப்பவருக்கு உண்டு. அது காட்டின் வழக்கம்.

சில ஆண்டுகளாகச் செம்பன் என்ற செந்நாய்தான் ஜெயித்து வந்தது. துறையை அதன் கூட்டமே வளைத்துக்கொண்டது. போன கோடையில் சடைச்சி என்ற கரடி தன் இரண்டு குட்டிகளோடு அங்கே போனது. "சேற்றுப் பக்கம் போ!" என்று செந்நாய்கள் விரட்டின. குட்டிகள் சேற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு வயிற்றுவலியில் சுருண்டு கிடந்தன.

சடைச்சியால் அதை மறக்க முடியவில்லை. எங்கிருந்தோ ஒரு பழைய சைக்கிளைத் தேடிப் பிடித்தது. மழைக்காலம் முழுவதும் விழுந்து எழுந்து ஓட்டப் பழகியது. முழங்காலில் முடி உதிர்ந்து தோல் தெரிந்தது. இருந்தும் விடவில்லை.

பந்தய நாள் வந்தது. ஏரியை மூன்று முறை சுற்ற வேண்டும். ஒரு பக்கம் அடர்ந்த காடு. மறுபக்கம் கணவாய்க் காற்று முகத்தில் அறையும் புல்வெளி. மூன்றாம் சுற்றின் முடிவில் மட்டும் பாதை செங்குத்தான மேட்டில் ஏறும். அதன் உச்சிதான் எல்லை.

போட்டியிட வந்தவர்கள் ஆறு பேர்: செம்பன், அதன் இரண்டு தம்பிகள், ஒரு கீரி, ஒரு முள்ளம்பன்றி, சடைச்சி. நடுவர் இருவாச்சிப் பறவை. அது மேலே பறந்தபடியே எல்லாவற்றையும் கவனிக்கும்.

கீரி சடைச்சியிடம் வந்து, "அக்கா! புல்வெளியில் தனியாகப் போனால் காற்று ஆளைக் கொன்றுவிடும். முன்னால் போகிறவர் காற்றைப் பிளந்தால், பின்னால் வருகிறவருக்கு மிதிப்பது பாதிச் சுலபம். நானும் முள்ளம்பன்றியும் மாறி மாறி முன்னால் போகப்போகிறோம். நீங்களும் வருகிறீர்களா?" என்று கேட்டது.

சடைச்சி அதை மேலும் கீழும் பார்த்தது. "உன் முதுகுக்குப் பின்னால் என் மூக்குகூட மறையாதே!" என்று சிரித்தது.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த செம்பன் மெல்ல அருகில் வந்தது.

"முதல் பந்தயமா, அக்கா? உங்கள் காலைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது! எங்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். ஆளுக்கொரு முறை முன்னால் போவோம். முதல் முறை உங்களுடையது. கீரியையும் முள்ளம்பன்றியையும் கழற்றி விட்டுவிடலாம். யார் ஜெயித்தாலும் துறையில் உங்கள் குட்டிகளுக்கு இடம் உண்டு. இது என் வாக்கு!"

குட்டிகள் என்ற சொல்லைக் கேட்டதும் சடைச்சியின் மனம் இளகிவிட்டது. "சரி, தம்பி!" என்றது.

இருவாச்சி கத்தியது. பந்தயம் தொடங்கியது.

சடைச்சி தலையைக் குனிந்துகொண்டு மிதித்தது. புல்வெளியில் காற்று அதன் மார்பில் மோதியது. மூன்று செந்நாய்களும் அதன் அகன்ற முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டன. கீரியும் முள்ளம்பன்றியும் வெகுதூரம் பின்தங்கின.

"என் முறை முடிந்தது! யாராவது முன்னால் வாருங்கள்!" என்றது சடைச்சி.

"அந்தப் பாறை வரை, அக்கா!" என்றது செம்பன்.

பாறை வந்தது.

"அந்த வேங்கை மரம் வரை!"

மரமும் வந்தது. போனது. முதல் சுற்றே முடிந்துவிட்டது.

இரண்டாம் சுற்றிலும் அதே கதை. "எனக்குத் தொடையில் பிடிப்பு" என்றது செம்பன். "எனக்குச் செயின் சரியில்லை" என்றது ஒரு தம்பி. இன்னொன்று வாய் நிறைய எதையோ மென்றுகொண்டிருந்தது!

சடைச்சியின் நாக்கு வெளியே தொங்கியது. தொடைகள் தீயாய் எரிந்தன. அப்போது காற்று சற்றே அடங்கியது. பின்னால் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"இந்த வருஷம் நல்ல அகலமான முதுகு கிடைத்தது, அண்ணா!"

"மேடு வரை இழுக்கட்டும். அங்கே விட்டுவிட்டுப் போய்விடலாம்."

"குட்டிகளுக்குத் துறையில் இடம் தருவதாகச் சொன்னாயே?"

"சேறு இருக்கிறதே! குடிக்கட்டும்!"

மூன்றும் சிரித்தன.

சடைச்சிக்கு உடம்பெல்லாம் கொதித்தது. தலைக்கு மேலே இருவாச்சி பறந்தது.

"நடுவரே! கேட்டீர்களா? முறை வைத்து முன்னால் வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு என்னை மாடு மாதிரி இழுக்க வைக்கிறார்கள்! இது நியாயமா?"

"பந்தய விதியில் வாக்கைப் பற்றி ஒன்றும் இல்லை. யாராவது பாதையை விட்டு விலகினால் மட்டும் கூப்பிடு!" என்று சொல்லிவிட்டு இருவாச்சி சிறகை அடித்துக்கொண்டு போய்விட்டது. தொடக்கத்திலிருந்தே எல்லாவற்றையும் பார்த்த பறவை அது!

சடைச்சிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவற்றை உதறிவிட வேண்டும் என்று முன்பைவிட வேகமாக மிதித்தது. அதுவும் வீண். அது எவ்வளவு வேகமாகப் போனதோ, அவ்வளவு வேகமாக அவையும் ஒட்டிக்கொண்டு வந்தன. கோபத்தில் மிதித்ததும் அவற்றுக்கே லாபமாகப் போயிற்று.

மூன்றாம் சுற்றில் மறுபடியும் புல்வெளி வந்தது. சடைச்சி பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டது. சைக்கிளைப் பாதையின் ஓரத்துக்கு ஒதுக்கியது.

"ஏன் நிறுத்திவிட்டீர்கள், அக்கா?" என்று பதறியது செம்பன்.

"உன் முறை. போ!"

"நானா? நான் முன்னால் போனால் நீ என் பின்னால் ஒண்டிக்கொண்டு வந்து கடைசியில் முந்திவிடுவாயே! என் உழைப்பில் நீ ஜெயிப்பதா? வெட்கமாக இல்லை?"

இரண்டு சுற்று முழுவதும் அதன் முதுகுக்குப் பின்னாலேயே ஒண்டி வந்த செம்பன் கேட்ட கேள்வி இது!

"டேய், நீ போ!" என்று செம்பன் ஒரு தம்பியை அதட்டியது. "எப்போதும் நீதானே ஜெயிக்கிறாய்? நீயே போ!" என்றது தம்பி. இன்னொரு தம்பி காதில் விழாதது போல வானத்தைப் பார்த்தது. நான்கு சைக்கிள்களும் ஊர்ந்தன, தள்ளாடின.

பின்னால் மணிச் சத்தம் கேட்டது. கீரியும் முள்ளம்பன்றியும் வந்துகொண்டிருந்தன. கீரி கொஞ்ச நேரம் முன்னால். பிறகு முள்ளம்பன்றி. மறுபடியும் கீரி. அவசரமே இல்லை. ஆனால் நிற்கவும் இல்லை.

சடைச்சி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "காலையில் உன்னைக் கேலி செய்தேன். இப்போது என்னைச் சேர்த்துக்கொள்வாயா?" என்றது.

"உங்கள் முறை வந்தால் முன்னால் வருவீர்களா?" என்றது கீரி.

"வருவேன்!"

"அப்படியானால் வாருங்கள்!"

மூன்றும் கிளம்பின. கீரியின் சின்ன முதுகு காற்றை அதிகம் மறைக்கவில்லை. ஆனால் முதல் முறையாகச் சடைச்சிக்கு எதிரே ஒரு முதுகு இருந்தது. அதுவே பெரிதாக இருந்தது.

செந்நாய்களும் துள்ளிக்கொண்டு பின்னால் ஒட்டப் பார்த்தன. கடைசியில் வந்த முள்ளம்பன்றி முட்களைச் சடசடவென்று விரித்தது. "இன்னும் கிட்டே வாருங்கள், பார்க்கலாம்!" என்றது. செந்நாய்கள் பிரேக்கைப் பிடித்தன. எதிர்காற்றில் தனித்தனியாகத் திணறின.

மேட்டின் அடிவாரத்துக்கு முன் சடைச்சியின் முறை வந்தது. உடம்பில் மிச்சமிருந்த தெம்பையெல்லாம் கொட்டி இழுத்தது. மேடு தொடங்கிய இடத்தில் அதன் கால்கள் செத்துவிட்டன.

"போங்கள்! எனக்காக நிற்காதீர்கள்! போங்கள்!" என்று கத்தியது.

கீரி எம்பி எம்பி ஏறியது. செம்பன் பல்லைக் கடித்துக்கொண்டு துரத்தியது. உச்சியில் அரைச் சக்கர இடைவெளியில் கீரி ஜெயித்தது! செம்பன் இரண்டாவது. முள்ளம்பன்றி மூன்றாவது. மற்ற இரண்டு செந்நாய்களும் சடைச்சியைத் தாண்டிப் போயின. சடைச்சி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைசியாக வந்து சேர்ந்தது.

வந்ததும் வராததுமாகச் செம்பன் அதன் மேல் பாய்ந்தது. "எங்களோடு வருவதாகச் சொல்லிவிட்டு நடுவழியில் கைவிட்டாள்! துரோகி! நடுவரே, இந்தப் பந்தயம் செல்லாது!"

இருவாச்சி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. பிறகு சிறகைக் கோதத் தொடங்கியது.

சடைச்சி சைக்கிளைக் கீழே போட்டது. பின்னங்காலில் நிமிர்ந்து நின்றது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டது.

"துரோகமா? நான் காற்றில் மூச்சு முட்டி இழுத்தபோது அது நட்பு. காலை எடுத்ததும் துரோகமா? என் குட்டிகளின் பேரைச் சொல்லி ஏமாற்றினாயே! நான் கடைசியாக வந்ததற்கு அழவில்லை. இரண்டு சுற்று உன்னை நம்பினேனே, அதற்குத்தான் அழுகிறேன்!"

பந்தயம் பார்க்க வந்திருந்த மிருகங்கள் எல்லாம் செம்பனை முறைத்தன. அது தம்பிகளுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டது.

கீரி ஒரு பாறை மேல் ஏறியது. "இனிமேல் துறையில் யார் வேண்டுமானாலும் இறங்கலாம். வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்!" என்றது.

"இவர்களுமா?" என்று சீறியது சடைச்சி.

"இவர்களும்தான், அக்கா. தாகம் எல்லாருக்கும் உண்டு."

சடைச்சிக்கு அது பிடிக்கவே இல்லை. உறுமிக்கொண்டே குட்டிகளை அழைத்துக்கொண்டு துறையில் இறங்கியது. குட்டிகள் வயிறு முட்டக் குடித்தன. வரிசையின் கோடியில் நின்ற செம்பன் முன்னால் நுழையப் பார்த்தபோது, சடைச்சி திரும்பி ஒரு பார்வை பார்த்தது. செம்பன் தன் இடத்துக்கே போய் நின்றது.

உன் உழைப்பின் மறைவில் சுகமாக வருகிறவன் தன் முறை வரும்போது முன்னே வர மறுத்தால், அவனைத் திட்டிக்கொண்டே சுமக்காதே. அந்த நிமிடமே காலை எடுத்துவிடு.