மண் போதாத கூடு

கிணற்றின் மேல் சாய்ந்து நின்ற கருவேல மரத்தில் எட்டு ஆண் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டத் தொடங்கின. அவற்றில் சடையன் என்பவன் நார் கிழிப்பதில் கெட்டிக்காரன். பனையோலையில் அலகை வைத்து இழுத்தால் முழுநீள நார் அறாமல் வரும்.

ஒரு கூட்டுக்கு நூறு நாரும் ஆறு உருண்டை ஈரமண்ணும் வேண்டும். உள்ளே மண் அப்பினால்தான் கூட்டுக்குக் கனம் வரும்; காற்றில் புரளாது.

சடையன் எல்லோருக்குமாகச் சேர்த்து நாரை மலையாகக் குவித்தான். பன்னிரண்டு கூட்டுக்குக் காணும். எட்டுக் கூட்டுக்குப் போக மிச்சமும் இருக்கிறது, இனி கவலை இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டான்.

குருவிகளில் ஒரு வழக்கம் உண்டு. பாதிக் கூட்டைப் பெட்டை வந்து பார்க்கும், பிடித்தால்தான் குடித்தனம். அப்படி அவன் கூட்டைப் பார்க்கச் செவ்வந்தி வந்தாள். வரும் வழியில் குளத்தையும் பார்த்திருந்தாள். குளம் வற்றி, மதகடியில் மட்டும் கொஞ்சம் ஈரமண் இருந்தது. முப்பது உருண்டைக்கு மேல் தேறாது.

“நார் இருக்கட்டும். மண் எத்தனை கூட்டுக்கு வரும்?” என்று கேட்டாள்.

“ஐந்துக்கு.”

“அப்படியானால் கூடு எத்தனை?”

“எட்டுதான். நார் இவ்வளவு கிடக்கிறதே.”

“நாரைத் தின்று மண்ணாகக் கக்குவீரோ?”

பக்கத்துக் கிளைகளில் சிரிப்பு எழுந்தது. சடையனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மண்ணை மற்றவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டான். மண்ணுக்குப் பதிலாக இன்னொரு நூறு நாரைத் தன் கூட்டில் சேர்த்துப் பின்னினான். மண் கிடைக்காத இன்னும் இருவரும் அவனைப் பார்த்து அப்படியே செய்தார்கள். கூடுகள் பார்க்கத் தடிமனாக இருந்தன. ஆனாலும் செவ்வந்தி உள்ளே போகவில்லை. ஒரு காற்று அடிக்கட்டும் என்றாள்.

மறுநாள் ஆடிக்காற்று அடித்தது. மண் வைத்த ஐந்து கூடுகளும் ஆடி ஆடி நிலைக்கு வந்தன. மற்ற மூன்றும் பம்பரமாய்ச் சுற்றித் தலைகீழாய்ப் புரண்டன. முட்டை இருந்திருந்தால் கிணற்றுக்குள் போயிருக்கும்.

செவ்வந்தி அடுத்த தோப்புக்குப் போகச் சிறகை விரித்தாள்.

“கொஞ்சம் பொறு, செவ்வந்தி. எனக்கு வேண்டியது நார் இல்லை, ஆறு உருண்டை மண். பொழுது சாய்வதற்குள் கொண்டுவருகிறேன்” என்றான் சடையன்.

பனைப்பக்கம் அவன் திரும்பவே இல்லை. மேய்ச்சலுக்கு வந்த ஓர் எருமையின் மேல் சேறு அப்பியிருப்பதைக் கண்டான். கொம்பில் போய் உட்கார்ந்து, எங்கே புரண்டாய் என்று கேட்டான். ஆற்று மடுவில் என்றது எருமை.

“மடு எவ்வளவு தூரம்?”

“ஏனப்பா அவ்வளவு தூரம் பறக்கிறாய்? என் முதுகிலேயே இருக்கிறது. காய்வதற்குள் கொத்திக்கொள். எனக்கும் அரிப்பு அடங்கும்.”

சடையன் மற்ற இருவரையும் கூவி அழைத்தான். மூவரும் பதினெட்டு உருண்டை எடுத்துத் தத்தம் கூடுகளில் அப்பினார்கள். மாலைக் காற்றில் எட்டுக் கூடுகளும் நிலைத்து நின்றன. செவ்வந்தி சடையனின் கூட்டுக்குள் போனாள், வெளியே வரவில்லை. மிஞ்சிய நார் கிணற்றில் விழுந்து மிதந்தது. அதை யாரும் தேடவில்லை.

பல பொருள்கள் கூடி நடக்கும் காரியத்தின் அளவை, குவிந்து கிடக்கும் பொருள் அல்ல, முதலில் தீரும் பொருளே முடிவு செய்கிறது.