கை சும்மா இராத தேரை

அந்தக் காலத்தில் தேரையும் தவளையும் ஒரே குளத்தில்தான் இருந்தன. இரண்டுக்கும் ஒரே வழவழப்பான தோல், வாய் திறந்தால் நம்மைப் போலவே பேச்சு. அதிலும் ஒரு தேரைப் பெண்ணின் முகம் அப்படிப் பளபளக்கும். அதனால் குளத்தில் அவள் பெயரே மினுக்கி.

பருவத்தின் முதல் மழைக்கு, நடுக்குளத்துத் தாமரை இலையில் ஒருத்தி ஏறி உட்கார்ந்து முதல் பாட்டு எடுப்பது அங்கே வழக்கம். அந்த வருஷம் முறை மினுக்கிக்கு வந்தது. அதைவிடப் பெரிய ஆசை அவளுக்கு உலகத்தில் இல்லை.

புரட்டாசிக் கடைசியில் ஒரு காலை, தண்ணீரில் முகம் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூக்கெல்லாம் கரும்புள்ளி, கன்னத்தில் மூன்று பரு. தோழி அல்லித் தவளைக்கும் அதே புள்ளி, அதே பரு. அவள் அதைச் சட்டை செய்யவில்லை. மினுக்கிதான் அவளையும் இழுத்துக்கொண்டு நத்தை வைத்தியரிடம் ஓடினாள்.

நத்தை கொம்பை நீட்டி நிதானமாகப் பார்த்தார்.

"இது அழுக்கில்லை தாயி. இந்த வயசுல தோலுக்குள்ள எண்ணெய் கூடுதலா ஊறும். துளை மூடிக்கிட்டா பரு. திறந்து கிடந்தா காத்துப் பட்டுக் கறுத்துப்போவும். காலையிலயும் சாயங்காலமும் வெறும் தண்ணியில மெல்லக் கழுவுங்க. கை மட்டும் வைக்காதீங்க. ரெண்டு பௌர்ணமி போகட்டும்."

"ரெண்டு பௌர்ணமியா? மழை நாளைக்கே வந்துட்டா?"

"வந்தா நனைவோம்," என்றார் நத்தை. அவருக்கென்ன, அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது.

மினுக்கிக்கு இருப்புக்கொள்ளவில்லை. வானத்தைப் பார்ப்பாள், முகத்தைப் பார்ப்பாள், திரும்ப வானத்தைப் பார்ப்பாள். ஒரு நாள் துண்டு மேகம் ஒன்று தெரிந்தது. மணலை அள்ளித் தேய்த்தாள். முகம் சிவந்து எரிந்தது. மறுநாள் மூன்று பரு ஏழானது.

"கையைக் கீழ போடுடி!" என்றாள் அல்லி.

"உனக்கென்ன, நீயா பாடப் போற?"

ஒரு மத்தியானம் கிழக்கே இடி உறுமியது. அவ்வளவுதான், மினுக்கி இரண்டு கையாலும் பருக்களைப் பிதுக்கத் தொடங்கினாள். வெள்ளையாய்ப் பால் வந்தது. வலித்தது, ஆனாலும் ஒன்று ஒழிந்ததென்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதிதான் அவளைக் கெடுத்தது. அடுத்ததைப் பிதுக்கினாள், அதற்கடுத்ததையும். பால் பட்ட இடமெல்லாம் புதிதாய் முளைத்து, முதுகு வரைக்கும் தடித்துப்போனது.

அன்று மழை வரவே இல்லை. ஒரு பௌர்ணமி போனது, இன்னொன்றும் போனது. அல்லியின் முகம் தானாகவே தெளிந்தது. அதற்குப் பிறகுதான் வந்தது மழை, கொட்டோ கொட்டென்று.

குளமே மினுக்கியைத் தேடியது. அவள் கரையில் ஒரு கல்லுக்கடியில் ஒண்டியிருந்தாள்.

"வாடி! உன் குரலுக்குத்தான் எல்லாரும் காத்துக் கிடக்காங்க. இந்த மழையில யாரு மூஞ்சியைப் பாக்கப் போறா?" என்று அல்லி அழாக்குறையாகக் கூப்பிட்டாள்.

"நீயே பாடு," என்றாள் மினுக்கி. அப்போதும் கை கன்னத்தில்தான் இருந்தது. பாவி மகள், போயிருக்கலாம்.

அல்லி இலையில் ஏறிப் பாடினாள். கேட்டுக்கொண்டிருந்த மினுக்கிக்குத் தாங்கவில்லை. கல்லுக்கடியிலிருந்தே அவளும் குரலெடுத்தாள்.

அன்று முதல்தான் தவளை வழவழவென்று தண்ணீரிலும், தேரை உடம்பெல்லாம் முண்டும் முடிச்சுமாய்க் கல்லுக்கடியிலும் குடியிருக்கின்றன; முதல் மழைக்குக் குளத்தில் ஒரு பாட்டு எழுந்தால், கல்லுக்கடியிலிருந்து முகம் காட்டாமல் இன்னொரு பாட்டு பதில் சொல்கிறது.