வீட்டுக்கு ஒரு பழமொழி

கூழாண்டிப்பட்டியில் அறிவுக்குப் பஞ்சம் வந்ததே கிடையாது. முன்னோர்கள் வீட்டுக்கு ஒரு பழமொழியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். சிக்கல் வந்தால் அவரவர் பழமொழியைச் சொல்லலாம். சொன்னால் ஊரே அதன்படி நடக்க வேண்டும். சொந்தமாக யோசிப்பது அங்கே மரியாதைக் குறைவு. தண்ணீருக்கு மட்டும்தான் பஞ்சம்.

ஒருநாள் பூவாயியின் எருமை பாழுங்கிணற்றில் விழுந்துவிட்டது. அவள் பிழைப்பே அதன் பாலில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கையில் கயிற்றோடு சாவடிக்கு ஓடி வந்தாள்.

"எருமை கெணத்துக்குள்ள உசுரோட நிக்குது மாமா. நாலு பேரு வந்து கயித்தைக் கட்டி இழுங்க."

"பதறாத காரியம் சிதறாது. எங்க வீட்டுப் பழமொழி" என்றார் ஊர்த்தலைவர் திருமேனி. "எல்லாரும் உக்காருங்க."

ஊரே உட்கார்ந்து வெற்றிலை போட்டது. பதற்றம் சுத்தமாகப் போய், இரண்டு பேர் குறட்டை விடத் தொடங்கிய பிறகுதான் கிளம்பினார்கள்.

கிணற்றடியில் வீரணன் என்ற இளவட்டம் இறங்கப் போனான். சொக்கையா தடுத்தார்.

"ஆழம் தெரியாம காலை விடாதேன்னு எங்க வீட்டுல இருக்கு."

"எறங்கினாத்தானே ஆழம் தெரியும்?"

நியாயமான கேள்வி. எல்லோரும் தலையைச் சொறிந்தார்கள். திருமேனிதான் வழி கண்டுபிடித்தார். "காலைத்தானே விடக் கூடாது? தலையை விடலாமே."

பூவாயியின் கயிற்றை வீரணன் காலில் கட்டி, தலைகீழாக இறக்கினார்கள்.

"அந்தக் கயித்தை எருமைக்குக் கட்டச் சொல்லுங்க மாமா" என்று கெஞ்சினாள் பூவாயி.

"அது அவன் கால்ல இருக்கேம்மா" என்று பொறுமையாக விளக்கினார் திருமேனி.

அடுத்தது கந்தப்பன் முறை. "அகல உழுவதை விட ஆழ உழு."

"கெணத்துல எதுக்குய்யா உழவு?" என்று கேட்டார் கூட்டத்தில் ஒருவர்.

"பழமொழி எடத்தைச் சொல்லலையே. அவன் கை சும்மாதானே தொங்குது?"

கடப்பாரையை வேறொரு கயிற்றில் கட்டி இறக்கினார்கள். அந்தக் கயிற்றை எருமைக்குக் கட்டலாமே என்று யாரும் சொல்லவில்லை. அப்படி ஒரு பழமொழி யார் வீட்டிலும் இல்லை.

வீரணன் தலைகீழாகத் தொங்கியபடி குத்தினான். ஊற்றுக்கண் திறந்து தண்ணீர் பீறிட்டது.

"தண்ணி தலைக்கு வந்துருச்சு, தூக்குங்க" என்று அலறினான்.

"காலு நனைஞ்சிச்சா?" என்று கேட்டார் சொக்கையா.

"இல்ல."

"அப்ப ஆழம் அதிகமில்ல."

வீரணன் எருமையின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். தண்ணீர் ஏற ஏற எருமை நீந்தியே மேலே வந்து கரையேறியது, அவனையும் இழுத்துக்கொண்டு. அன்றைக்கு அந்த ஊரில் உருப்படியாக வேலை செய்தது அது ஒன்றுதான். பூவாயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கிணறு தளும்பி நின்றது. திருமேனி பூவாயியைப் பார்த்தார். "உங்க வீட்டுப் பழமொழி பாக்கி இருக்கேம்மா. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"வெள்ளம் வருமுன் அணை போடு" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவளும் அந்த ஊர்க்காரிதானே.

எல்லோரும் கிணற்றைத் திகிலோடு பார்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் பக்கத்திலேயே மண் வெட்டி, கிணற்றை மூடி, மிதித்துக் கெட்டிப்படுத்தினார்கள். பிறகு நிம்மதியாகக் கை கழுவ, வழக்கம்போல அடுத்த ஊர் ஏரிக்கு நடந்தார்கள்.

மறுநாள் காலை பூவாயி அதே கயிற்றோடு சாவடிக்கு ஓடி வந்தாள். மண் வெட்டிய குழியில் எருமை விழுந்திருந்தது.

திருமேனி வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். "எல்லாரும் உக்காருங்க. வீரணா, நீ மட்டும் காலை நீட்டி உக்காரு. கயிறு கட்டணும்."