ஒரு பிள்ளையின் பின்னால் ஒரு நாள்

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்து மூன்று. பல்கலைக்கழகத்தில் இப்படியும் அமையும்.

சீடர் சவரிமுத்து, திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர். பள்ளி தொடங்குமுன் தினமும் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி கொடுத்து வந்தார். அதனால் அவர்கள் மற்ற பிள்ளைகளைவிட அதிகமாக ஓடியாடுகிறார்களா என்று அளந்து சொல்வதுதான் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. ஆமாம் என்று வந்தால் நாற்பது பள்ளிகளுக்கு அந்தப் பயிற்சி போகும். இல்லை என்று வந்தால் இருக்கிற ஒன்றையும் மூடிவிடுவார்கள்.

முடிவு வந்தது. மனிதர் முகம் செத்துப்போய் குரு மெகருன்னிசாவின் அறைக்கு வந்தார்.

"மேடம், ரெண்டு பள்ளிப் பிள்ளைங்க இடுப்புலயும் அடி எண்ணுற கருவியைக் கட்டினோம். காலைக் கணக்குல என் பிள்ளைங்க எங்கேயோ முன்னால இருக்காங்க. நாள் முழுக்கக் கூட்டிப் பாத்தா, பயிற்சியே இல்லாத பக்கத்துப் பள்ளியும் நாங்களும் ஒண்ணு."

"சரி."

"காலைக் கணக்கை மட்டும் காட்டிடலாமா?"

இருபத்தெட்டு வருடம் விசில் ஊதியவர், இதைக் கேட்கும்போது தரையைப் பார்த்தார். மெகருன்னிசா ஒரு கருவியை எடுத்து அவரிடமே நீட்டினார்.

"நாளைக்கு இதைக் கட்டிக்கிட்டுப் பக்கத்துப் பள்ளிக்குப் போங்க சார். ஒரு பிள்ளையைப் பாத்து வச்சுக்குங்க. அது செய்யறதையெல்லாம் நீங்களும் செய்ங்க."

அடுத்த நாள் அங்கே டீச்சரிடம் சொல்லிவிட்டு மூன்றாம் வகுப்புச் சங்கவியைத் தேர்ந்தெடுத்தார். ஒல்லிப் பிள்ளை. இது என்ன பெரிய வேலை என்று நினைத்தார்.

சங்கவி தண்ணீர்க் குழாய்க்கு நொண்டியடித்தே போனாள். அவரும் நொண்டினார். தாகமே இல்லாமல் இன்னொரு தடவை போனாள். மூன்றாம் படியிலிருந்து குதித்தாள். குதித்தது திருப்தியாக இல்லை போல, ஏறிப்போய் மறுபடி குதித்தாள். இடைவேளையில் யாரையோ துரத்தினாள். பாதியில் யாரோ அவளைத் துரத்தினார்கள். எதற்கென்று அவர்களுக்கே தெரியாது. கணக்குப் போடும்போதும் பெஞ்சுக்கடியில் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

சாப்பாட்டு மணி அடிப்பதற்குள், மாவட்ட அளவில் ஓடிக் கோப்பை வாங்கியவருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணையே பார்த்தார். கண் கலங்கியது. வாழ்நாளெல்லாம் பிள்ளைகளோடு இருந்தும் ஒரு பிள்ளையை அவர் இப்படிப் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை குருவின் அறையில் அவரால் உட்கார முடியவில்லை. தொடை அவ்வளவு வலித்தது.

"யாரும் சொல்லிக் கொடுக்கலை மேடம். விசில் கிடையாது. அந்த ஓட்டம் அது பாட்டுக்கு ஊத்து மாதிரி வந்துக்கிட்டே இருக்கு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு."

"உங்க பிள்ளைங்க இடைவேளையில என்ன செய்வாங்க?"

"உட்கார்ந்திருப்பாங்க. காலையிலேயே ஓடிக் களைச்சிருக்கீங்க, ரெஸ்ட் எடுங்கன்னு நான்தான்..."



"சொன்னா கேப்பாங்களா?"

"கேப்பாங்க மேடம். நல்ல பிள்ளைங்க. சுவரோரமா வரிசையா உட்காருவாங்க."

பிறகு சவரிமுத்து மெல்லக் கேட்டார்.

"இதை எப்படி மேடம் எழுதுறது?"

"நடந்ததை நடந்தபடி எழுதுங்க. அது அப்புறம். பத்தரைக்கு உங்க பள்ளியில இடைவேளை மணி அடிக்கும். இப்பக் கிளம்பினா போய்ச் சேர்ந்துடலாம்."