இரண்டு பொய்களில் ஒன்று

"கெட்டுப்போனது என் தம்பியா, நானா? ஒரு வார்த்தை சொல்லுங்க சாமியம்மா. அதுக்கப்புறம் கல்யாணத்துக்குப் போறதா வேண்டாமான்னு நான் பாத்துக்கிடுதேன்."

பலவேசம் வந்ததும் வராததுமாக இதைத்தான் கேட்டார். செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை.

சாமியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு நாற்பது வயதுதான் இருக்கும். பலவேசத்துக்கு அறுபத்திரண்டு. மலையடிவாரத்தில் ஓடைக்கரையை ஒட்டி ஓர் ஓட்டு வீடு. ஊர் அதை ஆசிரமம் என்றது, அவர் வீடு என்றே சொல்லிவந்தார்.

"உள்ள வந்து உட்காருங்க அண்ணாச்சி. என்ன சண்டை?"

"சட்டத்துச் சண்டை."

டில்லியில் ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தார்கள். எந்தச் சட்டம் என்று என்னைக் கேட்காதீர்கள். சொன்னால் நீங்களும் ஒரு பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்வீர்கள், அப்புறம் கதையை யார் கேட்பது? நாடே இரண்டாகப் பிரிந்து கத்தியது. பலவேசம் ஒரு பக்கம், தம்பி ஆவுடையப்பன் மறுபக்கம். பதினோரு மாதமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இப்போது ஆவுடையப்பன் மகள் செண்பகத்துக்குக் கல்யாணம். வருகிற புதன்கிழமை.

பலவேசத்துக்குப் பிள்ளை இல்லை. செண்பகத்தைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டது அவர்தான். அவளுக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் அவர்தான். அந்தப் பிள்ளையைப் பார்க்காமல் இருந்தது அவர் நெஞ்சை அறுத்தது. வெளியே மட்டும் வீறாப்பாக இருந்தார்.

"பத்திரிகை வச்சாங்களா?"

"செண்பகமே வந்து வச்சா."

"நல்லதுதானே?"

"என்ன நல்லது? அவளை அனுப்பினா நான் மறுக்க மாட்டேன்னு அவனுக்குத் தெரியும். பத்திரிகையில என் பேரைத் தடி எழுத்துல வேற போட்டிருக்கான். எதுக்கு? அவன் கட்சிக்காரங்க பக்கத்துல என்னை நிறுத்தி ஒரு போட்டோ எடுப்பான். 'அண்ணனும் இந்தப் பக்கம் வந்துட்டாரு'ன்னு ஊர் பூரா அனுப்புவான். எனக்குத் தெரியாதா?"

சாமியம்மா பழுத்த இலை ஒன்றை ஒதுக்கிப் போட்டார்.

சந்தேகப்படுவது பலவேசத்துக்குத் தொழில். பத்திரப்பதிவு ஆபீஸில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவர். முத்திரைத்தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாரென்றால் போலிப் பத்திரம் கொண்டுவந்தவனுக்கு வேர்த்துவிடும். செத்தவர் வைத்த கைநாட்டு, பிறக்கவே பிறக்காத சாட்சி, எல்லாம் அவரிடம் மாட்டியிருக்கின்றன.

ஓய்வு பெற்ற பிறகும் கண் ஓயவில்லை. இப்போதும் அது சாமியம்மாவின் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. சுவரில் காலண்டர் உண்டா, அதில் யார் படம்? காலண்டரே இல்லை. கீரைக்கு அடியில் விரித்திருப்பது எந்தப் பத்திரிகை? அது வாழையிலை. சேலை என்ன நிறம்? எந்தக் கட்சிக் கொடியிலும் இல்லாத மண் நிறம்.

இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிற பெண் ஏதோ ஒரு கட்சிதான் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

"சாமியம்மா, நீங்க எந்தப் பக்கம்?"

"சொல்லுதேன். அதுக்கு முன்னால ரெண்டு சேதி கேளுங்க. நேத்து ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊருல உங்க ஆளுங்க ஊர்வலம் போனாங்களாம். போற வழியில பஸ் கண்ணாடியை உடைச்சுட்டாங்களாம்."

பலவேசம் நிமிர்ந்தார்.

"எந்த ஊரு? எத்தனை மணிக்கு? பஸ் நம்பர் என்ன? கேஸ் போட்டிருக்காங்களா? உங்ககிட்ட சொன்னது யாரு? அவரு கண்ணால பாத்தாரா, யாரும் சொல்லக் கேட்டாரா? உடைச்சவங்க எங்க ஆளுங்கதான்னு எப்படித் தெரியும்?"

"சரி, அதை விடுங்க. ரெண்டாவது சேதி. அதே ஊருல உங்க தம்பி பக்கத்து ஆளுங்க வாக்காளர் பட்டியல்ல இருந்து முன்னூறு பேரை அடிச்சுட்டாங்களாம்."

"அடிப்பாங்க! எனக்கு அப்பவே தெரியும்."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கட்டைவிரல் ஓடியது. உறவுக்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் செய்தி போய் விழுந்தது. 'ஆற்றுக்கு அந்தப் பக்கம் முன்னூறு வாக்காளர்கள் நீக்கம். நம்பத் தகுந்த இடத்திலிருந்து கிடைத்த தகவல்.'

சாமியம்மா அடுத்த கீரைக்கட்டை அவிழ்த்தார்.

"ரெண்டுமே பொய் அண்ணாச்சி. இப்ப நான் கட்டினது."

பலவேசத்துக்கு முகம் கறுத்தது.

"ஒரு சாமியம்மா பொய் சொல்லலாமா?"

"ரெண்டு சொன்னேன். நீங்க ஒண்ணைத்தானே வாங்கினீங்க?"

அதற்குள் போன் ஒலித்தது. ஆவுடையப்பன்தான் பதில் போட்டிருந்தான். 'எந்த ஊரு அண்ணே? பட்டியலை நீ கண்ணால பாத்தியா?'

"பாத்தீங்களா! பதினோரு மாசம் கழிச்சு வாயைத் திறக்கான், அதுவும் என்னைச் சந்தேகப்பட்டு. பத்திரம் பாத்தே தலை நரைச்சவனைப் போய்க் கேள்வி கேக்கான்!"

"நல்ல கேள்விதானே கேட்டிருக்காரு."

பலவேசம் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். ஓடையில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

"உங்க சண்டை எதுல ஆரம்பிச்சது அண்ணாச்சி?"

"ஒரு போட்டோவுல. அவன் கட்சிக்காரங்க கடையை உடைக்காங்க. நம்ம மாவட்டத்துல நடந்ததுன்னு எனக்கு வந்தது, நான் குழுவுல போட்டேன். அவன் என்னடான்னா, 'பின்னால இருக்க போர்டைப் பாரு அண்ணே'ன்னான். 'நீ விலை போயிட்டலே'ன்னு சொல்லிட்டேன். அதோட சரி."

"போர்டுல என்ன இருந்தது?"

"யாரு பாத்தா?"

"அந்தப் படம் இப்ப இருக்கா?"

பலவேசம் குழுவில் மேலே மேலே தள்ளிக்கொண்டு போனார். எல்லாம் அவர் போட்ட செய்திகள். ஒரு நாளைக்கு நாலு, ஐந்து. தம்பியிடமிருந்து ஒன்றுகூட இல்லை. தள்ளித் தள்ளி விரல் வலித்த பிறகு படம் வந்தது.

பழக்க தோஷம், எழுந்து வாசலுக்குப் போய்ப் போனை வெயிலில் தூக்கிப் பிடித்தார். கண் கூசியதுதான் மிச்சம். மறுபடி நிழலுக்கு வந்து இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். உடைந்த கடை, கம்போடு நிற்கும் ஆட்கள். பின்னால் மாடியில் சேலைப் படம் போட்ட ஒரு ஜவுளிக்கடைப் பலகை.

தெலுங்கோ, கன்னடமோ. அவருக்கு இரண்டும் தெரியாது. தமிழ் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

பலவேசம் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறக்காத சாட்சியைப் பிடித்த மனுஷன். இதைப் பிடிக்க அரை நிமிடம் போதும். கூடப் பிறந்தவன் கேட்டும் அந்த அரை நிமிடத்தை அவர் கொடுக்கவில்லை. வெட்கமாக இருந்தது. கண்ணில் நீர் முட்டியது, துண்டால் துடைத்துக்கொண்டார்.

சாமியம்மா கீரைத் தண்டுகளை அள்ளிக்கொண்டுபோய் வெளியே கட்டியிருந்த ஆட்டுக்குப் போட்டுவிட்டு வந்தார்.

கொஞ்ச நேரத்தில் பலவேசத்துக்கு அடுத்த சந்தேகம் வந்துவிட்டது.

"அப்ப அவன் பக்கம்தான் நியாயமா?"

"சண்டைக்கு முன்னால அவரு அனுப்பினதை எல்லாம் நீங்க பாத்தீங்களா?"

"ஒண்ணு விடாமப் பாத்தேன். பாதி பொய். ஒவ்வொண்ணா நிரூபிச்சே காட்டினேன்."

"மீதி?"

அவர் யோசித்தார்.

"மீதியைப் பத்தி நான் வாயே திறக்கலை."

பிறகு போனை எடுத்தார். இந்த முறை கட்டைவிரல் மெதுவாகத்தான் நகர்ந்தது. மச்சினன், சகலை, சின்ன மாமனார் என்று அத்தனை பேரும் பார்க்கிற அதே குழுவில் எழுதினார். 'முன்னூறு பேர் சேதி பொய். விசாரிக்காம அனுப்பிட்டேன். அந்தப் போர்டும் தமிழ் இல்லை. இன்னைக்குத்தான் பாத்தேன். செண்பகம் கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்துருவேன்.'

அனுப்பிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனைப் பைக்குள் போட்டார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். நாலு அடி நடந்தவர் திரும்பினார்.

"ஆனா சாமியம்மா, அந்தச் சட்டம் நல்லதா கெட்டதா? அதை நீங்க சொல்லவே இல்லையே?"

"அதைப் பத்தி இன்னும் யாருமே பேச ஆரம்பிக்கலையே அண்ணாச்சி."