தலைவர் வீட்டு ரோஜாத் தோட்டம்

ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்குச் சம்பளம் வாங்காமல் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் பேச்சிக்கனி. வேப்பமரத்தடி வகுப்பு, மழை வந்தால் பாடம் நின்றுபோகும். சமுதாயக் கூடத்துச் சாவியோ பஞ்சாயத்துத் தலைவர் சங்கரபாண்டியன் இடுப்பில்.

போய்க் கேட்டாள். தலைவர் சிரித்தார்.

"ஆட்டுக்குப் பின்னால திரியுற நாற்பது பிள்ளைகளையும் ஒருநாள் என் வாசல்ல ஒண்ணா உட்கார வச்சுக் காட்டு. சாவி உனக்குத்தான்."

"நாளைக்கே காட்டுறேன் தலைவரே."

மறுநாள் காலை நாற்பது பேரும் வாசலில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னார்கள். கூட வந்த இருநூறு ஆடுகளும் தலைவரின் ரோஜாத் தோட்டத்தில் இறங்கின.

"ஏ பிள்ள, என்ன அநியாயம் இது!"

"ஆட்டை விட்டுட்டு வந்தா வீட்டுல அடி விழும் தலைவரே. அதான் ஓட்டிட்டு வந்துட்டாக."

தலைவர் தன் பண்ணையாட்கள் இருவரிடம் கத்தினார். "என்னலே பாத்துக்கிட்டு நிக்கிய? மேய்ச்சலுக்கு ஓட்டிட்டுப் போங்கலே!"

ஆடுகள் போயின. பிள்ளைகள் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் வாய்ப்பாட்டில் இருந்தார்கள்.

பேச்சிக்கனி சாவிக்குக் கை நீட்டினாள். "இந்த ரெண்டு அண்ணன்களையும் தினமும் ரெண்டு மணி நேரம் மேய்ச்சலுக்கு அனுப்புங்க தலைவரே. இல்லைன்னா நாங்க இங்கேயே வந்துடுறோம்."

தலைவர், மிஞ்சியிருந்த ஒற்றை ரோஜாவைப் பார்த்தார். சாவியை அவிழ்த்தார்.